நிபுணரின் குரல் சட்டமாவது எப்படி?
பீடைகொல்லித் தடைகள் கற்பித்த பாடம்

"மருந்து" என்னும் சொல்லுக்கு எமது விவசாயக் கிராமங்களில் இரண்டு பொருள் உண்டு. நோயாளிக்கு வைத்தியர் கொடுப்பதும் மருந்து. நெல்லுக்கும் வெங்காயத்துக்கும் விவசாயி அடிப்பதும் மருந்து. இந்த இரண்டாவது மருந்து, பல ஆண்டுகளாக, முதலாவது மருந்தைக் கொடுப்பவர்களின் கைகளைக் கட்டிப் போட்டிருந்தது.

1950ஆம் ஆண்டுக்கும் 1995ஆம் ஆண்டுக்கும் இடையில் இலங்கையின் தற்கொலை வீதம் எட்டு மடங்காக உயர்ந்தது. 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவை அது எட்டியது. அன்றைய உலகில் மிக உயர்ந்த வீதங்களுள் இதுவும் ஒன்றாகும். இறந்தவர்களில் பெருந்தொகையினர் கிராமத்தவர்கள், பலர் இளவயதினர். பெரும்பாலான மரணங்களுக்குக் காரணமாயிருந்தது வீட்டிலோ வயற்கொட்டிலிலோ இருந்த பீடைகொல்லியே.

2005ஆம் ஆண்டளவில் இந்த வீதம் பாதியாகக் குறைந்தது. 2015இல் அது ஒரு இலட்சத்துக்கு 14.3 ஆகியது. இடைப்பட்ட காலத்தில் அற்புதமான மாற்றுமருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. எமது மக்களின் துயரமும் குறைந்துவிடவில்லை; யுத்தமும் சுனாமியும் இடம்பெயர்வும் இக்காலத்திலேயே நிகழ்ந்தன. மாறியது ஒன்றுதான்: கடையில் எந்தப் போத்தலை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்ற விதி. அந்த விதி மாறுவதற்கு, வாட்டிலே நின்று நோயாளரைக் கவனித்த வைத்தியர்களின் கணக்கேடுகள் பெருமளவுக்கு உதவின.

சிறுநீரக நோய், மகப்பேறு, மனநலம், கண் வைத்தியம் என எத்துறையைச் சேர்ந்த நிபுணரும் சட்டம் ஆக்குவோரிடம் தமது துறைக்காகப் பேச வேண்டிய நாள் ஒன்று வரும். அதனை எவ்வாறு செய்வது என்பதற்கு எமது நாட்டிலேயே கிடைக்கும் நல்ல உதாரணம் இது. எனவே இதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வாட்டுக்குள் தீராத பிரச்சினை

வைத்திய நிபுணர் ஒருவர் சட்டத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? அவருடைய வேலை நோயாளியைக் குணப்படுத்துவதல்லவா என்று சிலர் கேட்கலாம். ஆனால் சில நோய்கள் வாட்டுக்கு வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன.

கடுமையான நச்சுத்தன்மையுள்ள பீடைகொல்லி உடலில் சேர்ந்தபின் வைத்தியரால் செய்யக்கூடியது சொற்பமே. செயற்கைச் சுவாச இயந்திரமும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவும் வேண்டும். கிராமப்புற ஆஸ்பத்திரியில் இவை இருப்பதில்லை. தூரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் வழியிலேயே நேரம் போய்விடும். வயிற்றிலுள்ள நஞ்சை உறிஞ்சும் எனக் கருதப்பட்ட கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் பலன் உண்டா என்று இலங்கை ஆஸ்பத்திரிகளில் 4,600க்கு மேற்பட்ட நோயாளரிடம் ஆராய்ந்தார்கள். மரணங்கள் குறையவில்லை என்பதே 2008இல் வெளியான முடிவு.

இவ்வாறு தமது சிகிச்சையின் எல்லையை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டமை முக்கியமானது. "எங்களுக்கு இன்னும் இயந்திரங்கள் தாருங்கள், காப்பாற்றிக் காட்டுகிறோம்" என்று மட்டும் அவர்கள் சொல்லியிருந்தால், அது எத்தனையோ கோரிக்கைகளுள் ஒன்றாகக் கோவைக்குள் போயிருக்கும். "எங்களால் இதைக் குணப்படுத்த முடியாது, ஆனால் உங்களால் இதைத் தடுக்க முடியும்" என்று சொல்லும்போது பொறுப்பு சட்டம் ஆக்குபவரின் கைக்கு மாறுகிறது. மேலும், இந்தத் தடைகளால் வைத்தியர்களுக்கு எந்த இலாபமும் இல்லை. தமக்கென எதையும் கேளாதவனின் சொல்லுக்குச் சபையில் எப்போதும் ஒரு மதிப்பு உண்டு.

முதற்படி: எண்ணுதல்

மேடையில் ஏறிப் பேசுவதற்கு முன் எண்ண வேண்டும். எமது நாட்டில் இந்த எண்ணும் வேலையை முன்னின்று செய்தவர்களுள் ஒருவர், தொழில்சார் மருத்துவப் பேராசிரியரான ஜே. ஜெயரட்ணம் அவர்கள். அவரும் உடன் ஆய்வாளர்களும் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை ஆராய்ந்து 1982இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 13,000 பேர் பீடைகொல்லி நஞ்சூட்டலால் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்படுகின்றனர் என்றும், அவர்களில் ஏறத்தாழ 1,000 பேர் இறக்கின்றனர் என்றும் அது காட்டியது. இவற்றில் ஏறத்தாழ முக்கால்வாசி தாமே தேடிக்கொண்டவை என்பதும் தெரியவந்தது.

இந்தக் கடைசித் தகவல் கேள்வியையே மாற்றிவிட்டது. மருந்தடிக்கும்போது நேரும் விபத்துத்தான் பிரச்சினை என்றால், முகமூடியும் கையுறையும் பயிற்சியும் போதும் என்று சொல்லிவிடலாம். ஆனால் முக்கால்வாசி அப்படி நேர்ந்தவையல்ல என்றால், எந்த நஞ்சு எவ்வளவு எளிதாக வீட்டுக்குள் வருகிறது என்பதே கேள்வியாகிறது.

1980களில் யாழ்ப்பாணத்து வைத்தியர்களும் தமது ஆஸ்பத்திரி அனுபவத்தைக் கொண்டு இதுபற்றி மருத்துவச் சஞ்சிகைகளில் எழுதினார்கள். 1988இல் கொழும்பு தேசிய வைத்தியசாலையில், பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோவின் முயற்சியால், தேசிய நச்சுத் தகவல் நிலையம் தொடங்கப்பட்டது. இரவு பகலாக நோயாளரைக் கவனிக்கும் ஒரு கிராமத்து வைத்தியர், எந்த நஞ்சு என்று கேட்டறிந்து நோயாளியின் பதிவில் ஒரு வரி எழுதுவது அற்பமான வேலையாகத் தோன்றலாம். ஆனால் "பீடைகொல்லி" என்று பொதுவாக எழுதிய பதிவால் எந்தச் சட்டமும் பிறக்காது. பொருளின் பெயரை எழுதிய பதிவே பிற்காலத்தில் பேசியது.

எந்தக் கதவைத் தட்டுவது?

சட்டம் என்றதும் பாராளுமன்றமே எமது நினைவுக்கு வருகிறது. உண்மையில் கதவுகள் பல. எந்த வேலைக்கு எந்தக் கதவு என்று தெரியாமல் அலைந்து களைத்துப்போன நிபுணர்கள் பலர்.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. பதிவு செய்யப்படாத எந்தப் பீடைகொல்லியையும் இறக்குமதி செய்யவோ விற்கவோ கூடாது என்பது அதன் அடிப்படை. பதிவு செய்யும் அதிகாரம் விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த பீடைகொல்லிப் பதிவாளருக்கு வழங்கப்பட்டது. அவருக்கு ஆலோசனை கூறும் தொழில்நுட்பக் குழுவிலே விவசாயத் துறையினருடன் சுகாதாரத் துறையினரும் அமர்கின்றனர். ஆகவே ஒவ்வொரு நஞ்சையும் நிறுத்துவதற்குப் புதிய சட்டமூலம் தேவையில்லை. அந்தக் குழுவின் மேசைக்குச் சரியான சான்று போய்ச் சேர்ந்தால் போதும். பரதியோன், மெதைல் பரதியோன் என்பன 1984இல் இவ்வாறே நிறுத்தப்பட்டன.

வேறொரு விடயத்துக்குப் பாராளுமன்றமே வேண்டியிருந்தது. தற்கொலைக்கு முயல்வது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் ஒரு குற்றமாக இருந்தது. ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமிருந்தது. உயிர் பிழைத்த பெண்ணின் கட்டிலருகே வைத்தியருக்குப் பின்னால் பொலிசார் வந்து நிற்கும் நிலை அது. குடும்பத்தவர் உண்மையை மறைத்தார்கள்; ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரத் தயங்கினார்கள்; தாமதம் உயிரைக் குடித்தது. இதனைப் பதிவாளரோ திணைக்களமோ மாற்ற முடியாது. 1997இல் தற்கொலைத் தடுப்புக்கென ஜனாதிபதிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1998இல் பாராளுமன்றம் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி அக்குற்றத்தை நீக்கியது.

ஒன்றுக்குத் தொழில்நுட்பக் குழு, மற்றதற்குப் பாராளுமன்றம். முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "நாம் விரும்பும் மாற்றம் யாருடைய கையொப்பத்தால் நிகழும்?" சட்டமா, வர்த்தமானி ஒழுங்குவிதியா, அமைச்சின் சுற்றறிக்கையா, வரவு செலவுத் திட்டத்தில் ஓர் ஒதுக்கீடா? பல வேளைகளில் சுற்றறிக்கை ஒன்றே போதுமாயிருக்கும் விடயத்துக்கு நாம் அமைச்சரைத் தேடி அலைகின்றோம்.

கேட்பது தெளிவாக இருக்கட்டும்

"பீடைகொல்லிகளை ஒழியுங்கள்" என்று வைத்தியர்கள் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? விவசாயிகள் எதிர்த்திருப்பர், இறக்குமதியாளர் எதிர்த்திருப்பர், விவசாய அமைச்சர் சிரித்திருப்பார். கேட்கப்பட்டது அதுவன்று.

1991-92 காலப் பதிவுகளின்படி, பீடைகொல்லி மரணங்களில் 72 வீதம் ஒரே வகை இரசாயனக் குடும்பங்களைச் சேர்ந்த பொருட்களால் நேர்ந்தன. அவற்றுள்ளும் மொனோகுறோற்றொபொஸ், மெத்தமிடொபொஸ் என்ற இரண்டே முன்னின்றன. 1991இலிருந்து அவற்றின் இறக்குமதி படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1995 ஜனவரியில் சாதாரண பாவனைக்குத் தடை செய்யப்பட்டது. பல நூறு பொருட்கள் உள்ள சந்தையில், அதிகம் உயிர் குடிக்கும் சிலவற்றை மட்டும் விரலால் சுட்டிக்காட்டியதே இந்த முயற்சியின் பலம்.

பின்னர் வடமத்திய மாகாண வைத்தியசாலைகளில் மைக்கேல் எடில்ஸ்டன் முதலான ஆய்வாளர்களும் இலங்கை வைத்தியர்களும் சேர்ந்து இன்னும் நுணுக்கமாக எண்ணினார்கள். எலிகளில் செய்த பரிசோதனையைக் கொண்டு பீடைகொல்லிகளைத் தரம் பிரிப்பதே உலக வழக்கம். அந்த முறைப்படி ஒரே தரத்தில் வைக்கப்பட்டிருந்த இரண்டு பொருட்களை அவர்கள் ஒப்பிட்டார்கள். ஒன்றை உட்கொண்டவர்களில் நூற்றுக்கு 23 பேர் இறந்தனர்; மற்றதில் நூற்றுக்கு 8 பேர். 2005இல் வெளியான இந்த முடிவு, எலியின் கணக்கு வேறு, மனிதனின் கணக்கு வேறு என்பதைக் காட்டியது. மனிதனின் கணக்கை வைத்திருந்தவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் மட்டுமே. நிபுணர் ஒருவர் சட்டம் ஆக்குவோரிடம் கொண்டுசெல்ல வேண்டியது இத்தகைய, வேறு எவரிடமும் இல்லாத அறிவையே.

விவசாயியின் கேள்விக்குப் பதில்

எந்தச் சட்டத்தாலும் யாரோ ஒருவருக்கு இழப்பு நேரும். அந்த ஒருவரின் கேள்விக்குப் பதில் இல்லாமல் போகும் நிபுணர், முதல் கூட்டத்திலேயே தோற்றுவிடுவார். இங்கே அந்தக் கேள்வி விவசாயியுடையது: "மருந்தை நிறுத்தினால் என் பயிர் என்ன ஆகும்?"

இது நியாயமான கேள்வி. கடன்பட்டு விதைத்தவனுக்கு ஒரு போகம் பிழைத்தால் குடும்பமே சாயும். ஆகவே வைத்தியர்கள் இதனைத் தட்டிக் கழிக்காமல், பீடைகொல்லிப் பதிவாளராயிருந்த காமினி மனுவீர அவர்களுடன் சேர்ந்து ஆராய்ந்தனர். 1995ஆம், 1998ஆம் ஆண்டுத் தடைகளுக்குப் பின் நெல் உட்படப் பயிர்களின் விளைச்சல் வீழ்ச்சியடைந்ததா? வீழ்ச்சியடையவில்லை என்று 2008இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. அதே பூச்சிக்கு நச்சுத்தன்மை குறைந்த வேறு மருந்துகள் இருந்தன. விவசாயத் திணைக்களத்துக்கும் சுகாதாரத் திணைக்களத்துக்கும் இடையில் இருந்த மதிலில் ஒரு வாசல் திறந்தது இவ்வாறுதான்.

எதிர்த்தரப்பினர் முன்வைக்கும் மாற்று யோசனைகளையும் சோதித்துப் பார்க்க வேண்டும். பரக்குவாற் என்ற களைநாசினியின் உற்பத்தியாளர் கலவையை மாற்றிப் புதிய வடிவில் கொண்டுவந்தபோது, அது இலங்கையிலே பரிசோதிக்கப்பட்டது. பிழைத்தோர் தொகை நூற்றுக்கு 27இலிருந்து 37 ஆக உயர்ந்தது. ஆயினும் பெரும்பாலோர் இறக்கவே செய்தனர். வீட்டிலே பூட்டி வைக்கும் பெட்டி கொடுத்தால் போதும் என்ற யோசனையும் வந்தது. கேட்பதற்கு மிக நல்ல யோசனை. எம்மைப் போன்ற அபிவிருத்தி நிறுவனங்களும் விரும்பிச் செய்யக்கூடிய திட்டம். 180 கிராமங்களில், 53,000க்கு மேற்பட்ட வீடுகளை உள்ளடக்கிய பெரும் ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. பெட்டியால் நஞ்சூட்டல் குறைந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை என்பது 2017இல் வெளியான முடிவு. நமக்குப் பிடித்த யோசனை என்பதற்காக அதனைச் சான்றில்லாமல் சட்டமாக்கக் கேட்கக்கூடாது என்பதற்கு இது நல்ல எச்சரிக்கை.

ஒரு தடையுடன் வேலை முடிவதில்லை

1995ஆம் ஆண்டுத் தடைக்குப் பின் வைத்தியர்கள் எண்ணுவதை நிறுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும்? தடை செய்யப்பட்டவற்றின் இடத்தை என்டோசல்பன் என்ற வேறொரு பீடைகொல்லி பிடித்துக்கொண்டது. வாட்டிலே இப்போது புதுவிதமான நோயாளர்: வலிப்பு நிற்காமல் இறப்பவர்கள். ஆய்வில் பதிவான இத்தகைய மரணங்கள் 1994இல் ஒன்றாக இருந்து 1998இல் 50 ஆகின. அதே 1998இல் என்டோசல்பன் தடை செய்யப்பட்டது. அடுத்த மூன்று ஆண்டுகளில் அம்மரணங்கள் மூன்றாகக் குறைந்தன.

தொடர்ந்து 2008க்கும் 2011க்கும் இடையில் பரக்குவாற், டைமெத்தோவேற், பென்தியோன் ஆகிய மூன்றும் படிப்படியாக நிறுத்தப்பட்டன. 2011இல் ஒரு இலட்சத்துக்கு 8.5 ஆக இருந்த பீடைகொல்லித் தற்கொலை வீதம் 2015இல் 4.2 ஆகியது.

பலனையும் எண்ணிப் பார்த்தார்கள். 1986-95 காலத்துடன் ஒப்பிடும்போது 1996-2005 காலத்தில் 19,769 தற்கொலைகள் குறைவாக நிகழ்ந்தன. வேலையின்மை, மதுப் பாவனை, விவாகரத்து, யுத்த ஆண்டுகள் ஆகியவற்றையும் ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்தனர்; இந்தக் குறைவை அவற்றால் விளக்க முடியவில்லை. 1995 முதல் 2015 வரையான இருபது ஆண்டுகளில் காப்பாற்றப்பட்ட உயிர்கள் 93,000 என மதிப்பிடப்பட்டுள்ளது. கடுங்கோபத்தின், அவமானத்தின் ஒரு மணி நேரத்தைக் கடந்து உயிர் தப்பிய 93,000 பேர். அவர்களில் பலர் இன்று பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உள்ளவர்கள்.

இந்தப் பலனைத் திரும்ப எடுத்துச் சென்று சட்டம் ஆக்குவோரிடம் காட்டுவதும் நிபுணரின் கடமையே. நாம் கேட்பதற்கு மட்டும் போகின்றோம். கிடைத்ததற்குப் பின் நன்றி சொல்லவும் விளைவைக் காட்டவும் போவதில்லை. அடுத்த முறை கதவு எளிதில் திறவாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வழிதவறிய இடங்கள்

எல்லாத் தடைகளும் இவ்வாறு அமையவில்லை. வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளைப் பெருந்தொகையாகப் பாதித்துவரும் சிறுநீரக நோய்க்குக் கிளைபோசேற் என்ற களைநாசினி காரணமென்று கூறி 2015இல் அது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. அந்தத் தொடர்பு நிரூபிக்கப்பட்டிருக்கவில்லை. நிபுணர்களே இரண்டுபட்டு நின்றனர். தேயிலைத் தோட்டங்களில் களை மண்டியது; தோட்டத் துறையினர் முறையிட்டனர். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. சிறுநீரக நோயாளியின் வேதனை உண்மையானது. ஆனால் வேதனை உண்மை என்பதால் நாம் காட்டும் காரணமும் உண்மை ஆகிவிடாது.

2021இல் நடந்ததை விவசாயிகள் எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு மே மாதம் இரசாயன உரங்களும் பீடைகொல்லிகளும் ஒரேயடியாக இறக்குமதித் தடைக்கு உள்ளாகின. மக்களின் ஆரோக்கியமே காரணமாகக் கூறப்பட்டது. மாற்று ஏற்பாடு இல்லை, அவகாசம் இல்லை. நவம்பரில் அக்கொள்கை கைவிடப்பட்டது. ஆனால் பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்துவிட்டது. பரக்குவாற்றை நிறுத்த மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்த அதே நாடு இது. ஆரோக்கியத்தின் பெயரால் அவசரமாகச் செய்த ஒரு காரியம், பின்னர் ஆரோக்கியத்துக்காகப் பேச வருவோரின் நம்பகத்தன்மையையும் கெடுத்துவிடுகிறது.

நிபுணர் தனித்து நிற்கலாகாது

அரச ஆஸ்பத்திரியில் பணிபுரியும் வைத்தியர் அரச ஊழியர். ஊடகங்களுக்குத் தகவல் கூறுவதற்குத் தாபனக் கோவையில் வரையறைகள் உண்டு. துணிந்து தனியாகப் பேசியவருக்கு இடமாற்றம் கிடைக்கலாம் என்ற அச்சமும் உண்டு. எனவேதான் சங்கங்கள் தேவைப்படுகின்றன. 1887இல் தோற்றம் பெற்ற இலங்கை மருத்துவச் சங்கமும், ஒவ்வொரு துறைக்கும் உள்ள நிபுணர் கல்லூரிகளும் இத்தகைய குரலுக்கு உரிய இடங்கள். ஒருவர் இடம் மாறினாலும் ஓய்வு பெற்றாலும் சங்கத்தின் கோவை மூடப்படாது.

பாராளுமன்ற உறுப்பினரைச் சந்திக்கும் நிபுணர் சில எளிய விதிகளைக் கடைப்பிடித்தல் நலம்:

1. ஒரு பக்கத்துக்கு மேற்படாத குறிப்பைக் கொண்டு செல்லுங்கள். அதில் பிரச்சினை, உங்கள் கணக்கு, நீங்கள் கேட்கும் ஒரேயொரு மாற்றம், அதற்கான செலவு என்பன இருக்கட்டும்.

2. அந்த உறுப்பினரின் மாவட்டத்துக்குரிய எண்ணிக்கையைத் தனியாகக் காட்டுங்கள். நாட்டின் கணக்கைவிடத் தன் மாவட்டத்தின் கணக்கு அவரைத் தொடும்.

3. மருத்துவச் சொற்களைத் தவிர்த்து, அவர் கூட்டத்தில் எழுந்து அப்படியே திருப்பிச் சொல்லக்கூடிய மொழியில் பேசுங்கள்.

4. நோயாளியின் பெயரையோ ஊரையோ அடையாளத்தையோ ஒருபோதும் வெளியிடாதீர்கள். அனுதாபத்துக்காக ஒரு குடும்பத்தின் துயரத்தைக் காட்சிப்பொருள் ஆக்கலாகாது.

5. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி இரண்டையும் சந்தியுங்கள். இன்றைய எதிர்க்கட்சி நாளைய அமைச்சர்.

6. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஒருமுறை மிகைப்படுத்தியது வெளிப்பட்டால் அடுத்த பத்து உண்மைகளும் எடுபடா.

உறுப்பினரால் செய்யக்கூடியவையும் பல. வாய்மூல விடைக்கான வினாவாக அமைச்சரிடம் கேட்கலாம், பொதுமனுவைச் சமர்ப்பிக்கலாம், அமைச்சின் ஆலோசனைக் குழுவில் விடயத்தை எழுப்பலாம், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் அதிகாரிகளிடம் விளக்கம் கோரலாம். பணம் தேவைப்படும் கோரிக்கை என்றால், வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, திணைக்களங்கள் மதிப்பீடு தயாரிக்கும் வேளையில் போக வேண்டும்.

கிராமத்தவர் செய்யக்கூடியவை

இவையெல்லாம் பெரிய மனிதர்களின் வேலை என்று நாம் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை. வைத்தியரின் கணக்கு எமது வாய்ச்சொல்லிலிருந்தே தொடங்குகிறது. நோயாளியைக் கொண்டு செல்பவர் போத்தலையோ அதன் லேபிளையோ உடன் கொண்டு சென்றால், சிகிச்சைக்கும் உதவும். பதிவும் சரியாக அமையும். 1998இன் பின் இது குற்றமன்று என்பதை அயலவருக்கு எடுத்துக் கூறினால் தயக்கமின்றி உடனே ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். தடை செய்யப்பட்ட பொருள் கடையிலோ கள்ளச் சந்தையிலோ விற்கப்படுவதைக் கண்டால் கமநல சேவை நிலையத்துக்கோ விவசாயப் போதனாசிரியருக்கோ அறிவிக்கலாம். மாதர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் சேர்ந்து வைத்தியரைக் கூட்டத்துக்கு அழைத்து, மாற்று மருந்துகள் பற்றி இரு தரப்பும் பேச இடமளிக்கலாம். வைத்தியரும் விவசாயியும் ஒன்றாகக் கையொப்பமிட்ட மனுவை ஒதுக்கிவைப்பது எந்த அரசியல்வாதிக்கும் கடினம்.

சட்டம் துயரத்தைத் துடைத்துவிடாது. கடனும் குடியும் தனிமையும் குடும்பச் சண்டையும் இன்றும் எம்மிடையே உள்ளன. அவற்றுக்குச் சட்டத்தைவிட அருகில் இருந்து கேட்கும் மனிதர் தேவை. 1974 முதல் இயங்கிவரும் சுமித்ராயோ போன்ற அமைப்புகளும், 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசியும் இதற்காகவே உள்ளன. உங்கள் வீட்டிலோ அயலிலோ ஒருவர் மனமுடைந்து பேசினால் அதனை விளையாட்டாக எடுக்காது, அன்றே உதவி நாடுங்கள்.

ஆனால் சட்டம் அவகாசம் தரும். கோபம் ஆறும்வரை, அயலவர் வந்து கதவைத் தட்டும்வரை, அம்புலன்ஸ் வந்து சேரும்வரை ஓர் உயிர் தாக்குப்பிடிக்க அது இடம் தரும். அந்த அவகாசத்தை எமது மக்களுக்குப் பெற்றுத் தந்தவர்கள் உரத்துப் பேசியவர்களல்லர். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரியாகப் பொறுமையுடன் எழுதி வைத்து, அந்த ஏட்டைச் சரியான மேசைக்கு எடுத்துச் சென்றவர்கள்.

கலந்துரையாடலுக்கு:

1. எமது பிரதேச ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வரும் நோய்களுள், ஆஸ்பத்திரிக்கு வெளியே தடுக்கப்படக்கூடியவை எவை?

2. அவற்றுள் ஒன்றைத் தடுக்க எந்த விதி மாற வேண்டும்? அதனை மாற்றும் அதிகாரம் யாரிடம் உள்ளது?

3. அந்த மாற்றத்தால் யாருக்கு இழப்பு நேரும்? அவர்களுக்கு நாம் கூறக்கூடிய பதில் என்ன?

4. எமது சங்கம் வைத்தியர்களுடன் சேர்ந்து இந்த ஆண்டுக்குள் செய்யக்கூடிய ஒரு காரியம் எது?